மலாயா கிடைக்கலையா?

2004-இல் மலாயாப் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் 89-ஆவது இடத்துக்கு வந்தது. பெருமைப் பதாகைகள் தொங்கின. அடுத்த வருடமே 169. ஒரே வருடத்தில் 80 படி சறுக்கல். விரிவுரையாளர்கள் யாரும் ஓடிப்போகவில்லை, நூலகம் தீப்பிடிக்கவில்லை. முதல் கணக்கில், அங்கே படித்த, பாடம் நடத்திய மலேசியச் சீனரையும் இந்தியரையும் வெளிநாட்டவர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். வெளிநாட்டவர் அதிகம் இருந்தால் மதிப்பெண் அதிகம். மறு வருடம் பிழையைத் திருத்தினார்கள், இடம் சரிந்தது. தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து தமிழ்ப்பள்ளி வழியாக அங்கே போய்ச் சேர்ந்த நம் பிள்ளைகள் காகிதத்தில் அந்நியராக இருந்தவரைக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெருமை. சொந்த நாட்டுக்காரர் ஆனதும் பெருமை குறைந்தது.

இருபது வருடத்துக்கு முந்திய கதை இப்போது எதற்கு என்றால், பினாங்கு மாநிலத்து நம் நிபோங் திபாலில் இன்னமும் பல்கலைக்கழக முடிவு வரும் வாரத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி "மலாயா கிடைக்கலையா?" என்பதுதான். கேட்பவர் செம்பனைக் காட்டைத் தாண்டி டிரான்ஸ்கிரியான் பக்கம் தினமும் மோட்டாரில் போகிறவர். அங்கேதான் அறிவியல் பல்கலைக்கழகத்தின், அதாவது யு.எஸ்.எம்.-இன் பொறியியல் வளாகம் 2001 முதல் இருக்கிறது. விமானவியல், இரசாயனம், கட்டுமானம், மின்னியல், இயந்திரவியல், கனிமமும் மூலப்பொருளும் என்று ஆறு பள்ளிகள். வீட்டு வாசலில் இருப்பது நம் கண்ணுக்குப் பல்கலைக்கழகமாகத் தெரிவதில்லை. முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்பது இதுதான்.

மலாயாவுக்கு அந்தப் பேர் சும்மா வரவில்லை. 1949-இல் சிங்கப்பூரில் மருத்துவக் கல்லூரியையும் ராஃபிள்ஸ் கல்லூரியையும் இணைத்துத் தொடங்கினார்கள். 1962-இல் கோலாலம்பூரில் இருந்தது தனிப் பல்கலைக்கழகம் ஆனது. 1969-இல் பினாங்கில் இரண்டாவது தொடங்கும்வரை நாட்டில் பல்கலைக்கழகம் என்றாலே அது ஒன்றுதான். தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை அங்கே போனால் டாக்டராகவோ, அரசு அதிகாரியாகவோ, குறைந்தபட்சம் ஆசிரியராகவோ திரும்பி வரும். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியே வாசல்வரை வந்து கைகுலுக்குவார். அன்று நாம் மதித்தது பாடத்தையா, பேராசிரியரையா? இரண்டும் இல்லை. இடம் குறைவாக இருந்ததையும், வெளியே வந்ததும் வேலை நிச்சயமாக இருந்ததையும் மதித்தோம். இப்போது அரசுப் பல்கலைக்கழகங்கள் மட்டும் 20. 1996-இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தபின் மோனாஷ், நாட்டிங்ஹாம் போன்றவை இங்கேயே கிளை திறந்தன. தனியார் பல்கலைக்கழகங்களாகக் கெடாவில் செமெலிங்கில் எய்ம்ஸ்ட், கம்பாரில் பழைய ஈய வயல் பக்கம் உத்தார். இடம் பெருகிவிட்டது, வேலை உறுதி போய்விட்டது. பேர் மட்டும் பழைய விலையிலேயே நிற்கிறது.

வேலை உறுதி போனதற்கு மருத்துவத்தையே பாருங்கள். 2016 கடைசியிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள். 2021 ஜூலையில் ஒப்பந்த டாக்டர்கள் வேலையை நிறுத்தி, மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் எந்தப் பல்கலைக்கழகப் பட்டம் என்று யாரும் தனி வரிசை போடவில்லை.

இனி அந்தத் தரவரிசை எண். கியூ.எஸ். என்ற நிறுவனம் வெளியிடும் உலகத் தரவரிசையின் 2026 பட்டியலில் மலாயா 58, யு.எஸ்.எம். 134. எண்ணைப் பார்த்ததும் 76 படி தூரம் என்று தோன்றும். அந்த எண் எப்படிச் சமைக்கப்படுகிறது என்று பார்த்தால் வேகம் குறையும். நூற்றில் 30 பங்கு உலகக் கல்வியாளர்களிடம் கேட்கும் அபிப்பிராயம். 15 பங்கு முதலாளிகளின் அபிப்பிராயம். ஆக 45 பங்கு, "எந்தப் பேரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?" என்பதற்கான பதில். மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுகளுக்கு 20. ஒரு விரிவுரையாளருக்கு எத்தனை மாணவர் என்பதற்கு 10 மட்டுமே. இதுதான் வகுப்பறைக்குள் நம் பிள்ளை நேரடியாக உணரும் ஒரே அளவு, அது முன்பு 20 பங்காக இருந்தது. 2024 பட்டியலில் பாதியாக வெட்டிவிட்டார்கள். மிச்சம் வெளிநாட்டு ஆசிரியர், வெளிநாட்டு மாணவர், ஆய்வுத் தொடர்பு, பட்டதாரி வேலைவாய்ப்பு, நிலைத்தன்மை என ஐந்துக்கும் தலா 5. சூத்திரம் மாறினால் இடம் மாறும். விரிவுரை மண்டபத்தில் ஒரு நாற்காலிகூட நகர்ந்திருக்காது.

இன்னொன்று, இந்த எண் முழுப் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்துக் கொடுப்பது. மருத்துவத்திலும் பொறியியலிலும் வெளிவரும் கட்டுரைகள் மேற்கோளை ஏற்றும். அதே வளாகத்தில் இருக்கும், 1956-இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறை நன்றாக நடக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்பதை 58 என்ற எண் சொல்லாது. தமிழ் படிக்கப் போகிற பிள்ளைக்கு 58-ஆல் எந்தப் பயனும் இல்லை. வேண்டுமென்றால் துறைவாரிப் பட்டியலைப் பாருங்கள், அதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

பெரிய வீட்டிலும் இதே சமையல்தான். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம் ஒரு பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்தது. அங்கேயே வேலை செய்யும் கணிதப் பேராசிரியர் ஒருவர், 20 பேருக்குக் குறைவான வகுப்புகள் 82.5 விழுக்காடு என்று தன் நிர்வாகம் அனுப்பிய கணக்கைப் பாட அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒத்துவரவில்லை. 2022-இல் 2 என்பது 18 ஆனது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பேராசிரியர் செய்ததைப் பள்ளியில் படிவம் 4 வகுப்புக் கணக்குப் போடத் தெரிந்த யாரும் செய்யலாம். ஹார்வர்டுக்கு நேர்ந்தது வேறு மாதிரி. 2025 மே மாதம் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் அனுமதியை அமெரிக்க அரசு ஒரே நாளில் ரத்து செய்தது. நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. ஆனால் ஏறக்குறைய 6,800 பிள்ளைகள் விசா என்னாகுமோ என்று விழித்துக்கொண்டிருந்தார்கள். உலகத்திலேயே பெரிய பேர்கூட ஓர் உத்தரவுத் தாளின் அளவுதான் கனம்.

சரி, பேர் எங்கே உண்மையில் வேலை செய்கிறது? பெரிய கணக்காய்வு நிறுவனங்களின் முதல் சல்லடையில், வெளிநாட்டு முதுகலைக்கு மனு போடும்போது, சில உபகாரச் சம்பளங்களில். இங்கே பேர் உதவும், மறுக்கவில்லை. ஆனால் நம் வட்டாரத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் போகிற வழிகளில் பேரைவிட உரிமம் முக்கியம்.

பொறியியல் என்றால் பொறியியல் அங்கீகார மன்றத்தின் பட்டியலில் அந்தப் பட்டம் இருக்க வேண்டும். மலேசியா 2009 முதல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினர், அதனால் அந்தப் பட்டியலில் உள்ள பட்டம் வெளிநாட்டிலும் செல்லும். மலாயாவோ, டிரான்ஸ்கிரியானோ, பெர்லிஸில் இருக்கும் யுனிமாப்போ, பொறியியலாளர் வாரியத்தில் பதிய மூன்றுக்கும் ஒரே வாசல். பத்து காவான் தொழிற்பேட்டையும் தீவுக்குப் போகும் இரண்டாம் பாலத்தைத் தாண்டினால் பாயான் லெப்பாஸும் நமக்குப் பக்கம். பட்டதாரிகளைத் தேடும் தொழிற்சாலைகள் இங்கேயே இருக்கும்போது கோலாலம்பூர் விலாசத்துக்காக மட்டும் அறை வாடகை கட்டுவது எனக்குப் புரியவில்லை.

சட்டம் இன்னும் வேடிக்கை. மலாயா, தேசியப் பல்கலைக்கழகம் போன்ற சில உள்ளூர்ச் சட்டப் பட்டங்களுக்கு, வழக்கறிஞர் ஆவதற்கான தகுதித் தேர்வான சி.எல்.பி. வேண்டாம். இங்கிலாந்தின் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துவிட்டு, அங்கே பாரிஸ்டர் ஆகாமல் வெறும் பட்டத்தோடு வந்தால் சி.எல்.பி. எழுதியாக வேண்டும். கடல் கடந்து வாங்கிய பேருக்கு மேல் இன்னொரு வருடம், இன்னொரு கட்டணம். வீட்டை அடமானம் வைத்து அனுப்புகிறவர்கள் இதைக் கடைசி வருடத்தில் தெரிந்துகொள்கிறார்கள்.

மருத்துவத்தில் தவறினால் அடி பலமாக விழும். 2005-இல் கிரைமியா அரசு மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கான அங்கீகாரத்தை மலேசிய மருத்துவ மன்றம் திரும்பப் பெற்றபோது நம் சமுதாயம் எப்படிக் கலங்கியது என்பது அந்தக் காலத்துத் தமிழ்ப் பத்திரிகை படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அங்கீகாரம் இன்று இருக்கிறது என்பது போதாது. பிள்ளை சேரும் வருடத்துக்கு இருக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தனியார் கல்லூரி என்றால், பாடத்திட்டங்களுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பான எம்.கியூ.ஏ.-இன் இணையத்தளத்தில் தகுதிப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். கல்லூரியின் பேரைத் தேடினால் மட்டும் போதாது. பாடத்திட்டத்தின் முழுப் பேர், குறியீட்டு எண், எந்த வளாகத்து முகவரி என்ற மூன்றும் விளம்பரத் தாளோடு ஒத்துப்போக வேண்டும். ஒரே கல்லூரிக்கு ஓர் ஊரில் அங்கீகாரம் இருக்கும், புதிதாகத் திறந்த ஊரில் இருக்காது. தற்காலிக அங்கீகாரமா முழு அங்கீகாரமா என்பதையும் பாருங்கள். அரசின் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனை நம்பித்தான் சேர்கிறோம் என்றால் பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய பக்கம் இது. கோவில் மண்டபத்தில் மேசை போட்டு விளக்கம் கொடுப்பவர் சட்டையில் குத்தியிருக்கும் சின்னத்தைப் பார்க்காதீர்கள்.

இப்போது பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்பான படிவம் 6 பிள்ளைகளுக்கு. படிவம் 6-க்கு மாற்று வழியான மெட்ரிகுலேஷனின் ஒதுக்கீட்டுச் சண்டைக்குள் நான் போகவில்லை, அது தனிப் பதிவு. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யு.பி.யு.-வில் தகுதிப் புள்ளி என்பது கல்விக்கு 90, விளையாட்டு, கழகம் போன்ற புறப்பாடத்துக்கு 10. படிவம் 6 தேர்வான எஸ்.டி.பி.எம். சராசரியை 4-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்குங்கள். 4.00 வாங்கிய பிள்ளைக்கு 90. 3.92 வாங்கிய பிள்ளைக்கு 88.2. முதல் பிள்ளைக்குப் புறப்பாடத்தில் 7 என்றால் மொத்தம் 97. இரண்டாவது பிள்ளைக்கு 9.5 என்றால் 97.7. "முழுப் புள்ளி வாங்கியும் கிடைக்கவில்லை" என்று ஒவ்வொரு வருடமும் பத்திரிகையில் வரும் சோகத்தில் பாதி இந்த 0.7-க்குள் இருக்கிறது. போட்டி அதிகமுள்ள துறைகளில் எல்லாரும் உச்சியில் நெருக்கியடித்து நிற்பதால் அந்தப் பத்துப் புள்ளிதான் ஆளைப் பிரிக்கிறது. மீதிப் பாதி, இடமே குறைவு என்பது. அதை நாம் கணக்குப் போட்டு மாற்ற முடியாது.

தோட்டப்புறப் பிள்ளைக்குப் புறப்பாடம் ஏன் குறைகிறது என்றால் வேன். ஒன்றரை மணிக்கு வேன் ஏறாவிட்டால் வீட்டுக்கு வழியில்லை. அதனால் பயிற்சிக்கு நிற்பதில்லை, வருகை குறைகிறது, மாவட்டப் போட்டிக்குப் போவதில்லை, பதவியும் வருவதில்லை. பதவி, வருகை, பங்கெடுத்த நிலை, வெற்றி எல்லாமே எண்ணப்படுகின்றன. சீருடைக் குழு, கழகம், விளையாட்டு மூன்றிலும் பேர் கொடுத்துவிட்டு மூன்றிலும் காணாமல் போவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஓட்டத்தில் ஜெயிக்காத பிள்ளைகூடச் செயலாளர் பதவி வாங்கலாம், மாவட்டச் சதுரங்கத்துக்குப் போகலாம். நான்கு பெற்றோர் சேர்ந்து வாரத்தில் இரண்டு நாள் மாலை ஐந்து மணி வேனுக்குப் பணம் போட்டால், டியூஷனுக்குக் கொடுப்பதைவிட அதிகப் புள்ளி வரும். ஆசிரியர் கணினியில் ஏற்றிய புறப்பாடப் புள்ளியைப் பள்ளியை விட்டுப் போகும் முன் பிள்ளையே சரிபார்க்க வேண்டும். சான்றிதழ் அலமாரியில் கிடந்து புள்ளி ஏறாமல் போவது உண்டு.

தேர்வு வரிசையிலும் பேர் ஆசைதான் கெடுக்கிறது. 12 தேர்வுவரை கொடுக்கலாம். மலாயா சட்டம், மலாயா கணக்கியல், மலாயா பொருளியல் என்று மேலே அடுக்கி, கீழே பேருக்கு நிரப்பினால், நூலிழையில் தவறிய பிள்ளை மனசே இல்லாத ஒரு பாடத்தில் போய் விழும். முந்திய வருடச் சராசரித் தகுதிப் புள்ளி இணையத்தில் துறைவாரியாக இருக்கிறது. உங்கள் புள்ளிக்குச் சற்று மேலே மூன்று, ஒட்டி ஐந்து, கீழே நான்கு என்று போடுங்கள். கீழே உள்ள நான்கும் பிள்ளை உண்மையில் படிக்கச் சம்மதிக்கும் துறையாக இருக்கட்டும். சிறப்புத் தகுதியை வரி வரியாகப் படியுங்கள். ஆங்கிலத் தேர்வான மூயெட்டில் வாங்கிய பேண்ட் போதுமா, குறிப்பிட்ட பாடத்தில் எந்த கிரேட் வேண்டும், நிறக்குருடு இருந்தால் சில பொறியியல், மருத்துவத் துறைகளுக்குத் தகுதியில்லை என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். நேர்முகத் தேர்வு உள்ள துறையைப் போட்டுவிட்டு அழைப்பைப் பார்க்காமல் விட்டால், 4.00 இருந்தாலும் அந்தத் துறை போச்சு.

யு.பி.யு.-வில் கிடைக்காத துறை சில சமயம் பல்கலைக்கழகத்தின் சொந்த வழியில் கிடைக்கும். மலாயாவில் அதற்குப் பேர் சாத்து. 2025-இல் கணக்கியலுக்கு அந்த வழியில் 80 ஆயிரம் மலேசிய வெள்ளிக்கு மேல் கட்டணம் என்பது பெரிய சர்ச்சை ஆனது. அதே பட்டம், அதே வகுப்பு, பல மடங்கு விலை. பேரின் விலை எவ்வளவு என்று இதற்குமேல் தெளிவாக யாரும் சீட்டு ஒட்டிக் காட்ட முடியாது. அந்தப் பணத்துக்கு ஊழியர் சேமநிதியை உடைக்கலாமா என்று இரண்டு பேர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார்கள். என் பதில், வேண்டாம். யு.பி.யு. வழியாக வேறு ஊரில் அதே கணக்கியல் கிடைத்திருந்தால் அதை எடுங்கள். பிறகு கணக்காளர் தொழில்முறைத் தேர்வு எழுதப் போனால் அது எல்லாருக்கும் ஒன்றுதான்.

சந்தேகம் இருப்பவர்கள் கீழே கேட்கலாம். பிள்ளையின் பேரோ ஐ.சி. எனும் அடையாள அட்டை எண்ணோ போடாதீர்கள். துறை, வளாகம், எம்.கியூ.ஏ. குறியீடு, சராசரி, புறப்பாடப் புள்ளி இந்த ஐந்தும் இருந்தால் சேர்ந்து பார்க்கலாம். "அது நல்ல யுனிவர்சிட்டியா?" என்று மட்டும் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.