வந்ததா, வரவழைத்ததா?

நம் காட்டுயிர்ப் புகைப்படக் குழுவில் ஒருவர் போட்ட மரநாய்ப் படத்துக்குக் கீழே நடந்த கூத்தை நட்பு வட்டத்தில் அனைவரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் மறுபடியும் விவரிக்கவில்லை. மதில்மேல் பழத்தை வைத்து, ஃபிளாஷைப் பொருத்திவிட்டுக் காத்திருந்து எடுத்ததாக எடுத்தவரே எழுதியிருக்கிறார். அந்த மட்டில் அவர் நேர்மையானவர். அதை இயற்கையான காட்டுயிர்ப் படம் என்று கொண்டாடியவர்களிடம், அது தானாக வந்ததா, வரவழைத்ததா என்று நான் ஒரு கேள்வி கேட்டேன். பொறாமை என்று பதில் வந்தது. ஆகவே மீண்டும் சொல்கிறேன்: கொல்லைப்புறத்துக்கு வந்த விலங்கைப் படமெடுப்பது வேறு, வரவழைத்துப் படமெடுப்பது வேறு.

என் படங்களைச் 'சிசிடிவி காட்சி' என்று சிரித்தார்கள். உடல்வெப்பத்தின் அசைவை உணர்ந்து தானாக இயங்கும் கேமராவைத்தான் நான் வைத்திருக்கிறேன். இருட்டில் படமெடுக்க அதில் அகச்சிவப்பு விளக்கு உண்டு. 850 நானோமீட்டர் அலைநீள விளக்கில் மங்கலான சிவப்புப் புள்ளி தெரியும். 940 நானோமீட்டரில் அதுவும் தெரியாது, ஆனால் வெளிச்சம் எட்டும் தூரம் குறையும், படம் கறுப்பு வெள்ளையில் சற்றுச் சொரசொரப்பாகவே வரும். தெரிந்தேதான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். பல வாரங்களுக்கு மரநாயின் வால்நுனியைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, அது வழக்கமாக இறங்கும் மூலையை நோக்கித் திருப்பிய பிறகுதான் முகம் பதிந்தது. முள்ளம்பன்றி நிலா வெளிச்சத்தில் திறந்தவெளிக்கு வரத் தயங்குவதையும் இப்படிக் காத்திருந்துதான் அறிந்தேன். பழத்தை வைத்து ஒரே இரவில் வேலையை முடித்திருந்தால் இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்காது.

ஃபிளாஷ் அடித்தால் கண் அவிந்துவிடுமா என்று ஒருவர் கேட்டார். அவிந்துவிடாது, நான் அப்படிச் சொல்லவும் இல்லை. இருட்டுக்கு முழுமையாகப் பழக மனிதக் கண்ணுக்கே அரைமணி நேரம் போல ஆகிறது. விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலத்தோடு, மிகக் குறைந்த வெளிச்சத்துக்கென்றே அமைந்த கண் மரநாயினுடையது. மதில்மேல் நடந்துகொண்டிருக்கும்போது அந்தக் கண்ணுக்கு நேரே மின்னலை வெட்டிவிட்டு, 'கண்கள் எவ்வளவு அழகாக மின்னுகின்றன' என்று இதயக்குறி போடுவதை ரசனை என்று ஏற்க என்னால் முடியவில்லை.

'பசித்த உயிருக்கு உணவு வைப்பது பாவமா?' என்பதுதான் எல்லாரையும் நெகிழ வைத்த பின்னூட்டம். முன்பு நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் இப்படித்தான் நெகிழ்ந்தார்கள். தட்டில் வைத்த உணவுக்குப் பழகிய மரநாய் நாளடைவில் மனித வாடைக்கு அஞ்சுவதை விட்டுவிட்டு, ஒருநாள் சமையலறைக்குள்ளேயே நுழைந்தது. அதுவரை அதைச் செல்லப்பெயர் சொல்லி அழைத்தவர்களே கூண்டு கொண்டுவரச் செய்து பிடித்துக்கொடுத்தார்கள். எங்கே கொண்டு போய் விட்டீர்கள் என்று என் அம்மா கேட்டபோது ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அதைப் பார்த்தவனிடம் வந்து கருணையைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டாம்.

'நீங்கள் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கவில்லையா?' என்றும் கேட்டிருக்கிறார்கள். வைக்கிறேன். அதன் எதிரே கேமராவை வைப்பதில்லை. இதற்குமேல் அந்தக் கேள்விக்கு மரியாதை தேவையில்லை.

சற்று விவரமறிந்த நண்பர் ஒருவர், இரவில் காட்டுயிர்களைப் படமெடுப்பதில் முன்னோடியான அமெரிக்கர் ஜார்ஜ் ஷைராஸின் பெயரை இழுத்தார். 1906-இல் நேஷனல் ஜியாகிரஃபிக் வெளியிட்ட அவருடைய 74 படங்களில் இரவுப் படங்கள் வெளிச்சப்பொடியை வெடிக்கச் செய்து எடுத்தவைதாம் என்பதை மறுக்கவில்லை. அன்றைய கேமராவுக்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை, நமக்கு இருக்கிறது. இன்னொன்றையும் அந்த நண்பர் நினைவுகூர்ந்திருக்கலாம். 2009-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில், இரவில் வேலிக்கதவைத் தாண்டும் ஓநாயின் படம் தலைப்பரிசு பெற்றது. அது பழக்கப்படுத்திய விலங்காகவே இருக்கக்கூடும் என்று முடிவு செய்து, எடுத்தவர் மறுத்தபோதும், 2010-இல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். படத்தின் அழகில் அங்கே யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. விலங்கு தானாக வந்ததா, வரவழைத்ததா என்பதே அவர்களுக்கும் முக்கியமாக இருந்தது. நம் குழுவில் அதைக் கேட்டால் மட்டும் பொறாமை!

ஆம், எனக்கு வலிக்கிறது. முகம் தெரியாதவர்கள் சிரித்ததைப் பொறுத்துக்கொள்வேன். என்னோடு இரவெல்லாம் விழித்து உட்கார்ந்து, எதுவும் வராமல் விடிந்ததையும் பார்த்த இருவர் அந்தக் கேலிக்கு விருப்பக்குறி இட்டதை எந்தக் கணக்கில் வைப்பது? போட்ட குறியை எடுக்கச் சொல்லவில்லை. குழுவை நடத்துபவர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள்: இரை வைத்து எடுத்த படமென்றால் அதன் கீழே அப்படி எழுதச் சொல்லுங்கள். கேமரா, லென்ஸ், ஐஎஸ்ஓ, ஷட்டர் வேகம் என்று நான்கு வரி எழுதுகிறவர்களுக்கு ஐந்தாவது வரி எழுதக் கை வலித்துவிடாது. அந்த விதியை நீங்கள் ஏற்கும்வரை என் படங்கள் அந்தக் குழுவுக்கு வராது. 'சிசிடிவி காட்சி' குறைந்ததென்று மகிழ்பவர்கள் மகிழ்ந்துகொள்ளலாம்.