ஆணி அடிச்சவர் வேற, ரயில் போட்டவங்க வேற

நம்ம ஃப்ரெண்ட் லிஸ்ட்ல பாதிப் பேர் ஷேர் பண்ணின அந்தப் பேச்சாளர் வீடியோவை நானும் முழுசாப் பார்த்தேன், பார்த்துட்டுத்தான், அமெரிக்காவுல அந்த ரயிலைப் போட்டது முதலாளி இல்லை, சீனத் தொழிலாளிங்கன்னு கீழ கமெண்ட் போட்டேன், அதுக்கு என்னென்ன பதில் வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். "கூலிக்கு வந்தவன் கூலி வாங்கிட்டுப் போனான், உனக்கு ஏன் எரியுது"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். ஆமா, எரியத்தான் செய்யுது. அதான் இங்க எழுதுறேன்.

வீடியோவுல அவர் சொன்னது இதுதான்: ரயில் கம்பெனி முதலாளி லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் தனி மனுசனாக் கனவு கண்டு அமெரிக்காவோட ரெண்டு கரையையும் ரயிலால இணைச்சாராம். 1869 மே 10, யூட்டாவுல ப்ரோமான்டரிங்கிற இடத்துல பாதை முடிஞ்ச அடையாளமாத் தங்க ஆணி அடிச்சது அவர்தான், சரி. ஆனா ரயில் போட்டது அவர் இல்லை.

கலிஃபோர்னியாவுல சாக்ரமென்டோ ஊர்ல இருந்து கிழக்கால, ஸ்டான்ஃபோர்ட் தலைவரா இருந்த சென்ட்ரல் பசிபிக் கம்பெனி போட்ட பாதையில, வேலை மும்முரமா நடந்தப்போ பத்துல எட்டு ஒன்பது பேர் சீனத் தொழிலாளிங்க. பெரும்பாலும் தென் சீனாவுல குவாங்டாங் பக்கத்துக் கிராமத்து ஆளுங்க. சியரா நெவாடா மலை உச்சியில ஒரு டன்னல், 1,600 அடிக்கு மேல நீளம், முழுக்கக் கருங்கல்லு. உளி பிடிச்சு சம்மட்டியால அடிச்சு துளை போட்டு, வெடிமருந்து கெட்டிச்சு வெடிச்சு, கல்லை அள்ளிக் கொட்டினா ஒரு நாளைக்கு ஒரு அடி, ரெண்டு அடிதான் உள்ள போகும். 1866-67 குளிர்ல பனிக்கு அடியில வழி தோண்டி அதுக்குள்ளேயே நடந்து வேலைக்குப் போயிருக்காங்க. பனிச்சரிவுல போனவங்கள்ல சிலரோட உடம்பு, பனி உருகினப்புறம்தான் கிடைச்சது. மொத்தம் எத்தனை பேர் செத்தாங்கன்னு கம்பெனி கணக்குகூட வைக்கலை. ரயில் போட்டது இவங்க.

"முதல் போட்டது முதலாளிதானே"ம்பீங்க. அவங்க கைக்காசும் போட்டாங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா 1862 ரயில் சட்டப்படி மைலுக்கு சமவெளியில 16,000 டாலர், மலையில 48,000 டாலர்னு பாண்டு, அதாவது கடன் பத்திரம், கொடுத்தது அரசாங்கம். அதுபோக ரெண்டு பக்கமும் நிலம் வேற. அது பையூட், ஷோஷோன்ங்கிற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த மண்ணு, அவங்களைக் கேட்டா எடுத்துக் கொடுத்தாங்க?

"கூலிதான் கொடுத்தாங்கல்ல?" கொடுத்தாங்க. வெள்ளைக்காரத் தொழிலாளிக்குச் சம்பளத்தோட சாப்பாடும் உண்டு, சீனத் தொழிலாளி அந்தச் சம்பளத்துலயே தன் சோத்துக்கும் பார்த்துக்கணும். 1867 ஜூன்ல ஆயிரக்கணக்கான பேர் வேலையை நிறுத்திட்டு, சம்பளத்தைக் கூட்டு, டன்னலுக்குள்ள வேலை நேரத்தைக் குறைன்னு அமைதியா உட்கார்ந்தாங்க. கட்டுமானத்தைப் பார்த்துக்கிட்ட சார்லஸ் க்ராக்கர் மலைக்குப் போற சாப்பாட்டை நிறுத்திட்டார். ஒரு வாரத்துல ஸ்ட்ரைக் முடிஞ்சிடுச்சு. பட்டினி போட்டு வேலைக்கு இழுத்ததைத்தான் "கூலி வாங்கிட்டுப் போனான்"னு ஒரு வரியில முடிக்கிறீங்க.

எங்கப்பா கம்பி கட்டுற வேலை பார்த்தவர். எங்க ஊர் ஆத்துப் பாலத்துல நாலு தூணுக்குக் கம்பி கட்டியிருக்கார். பஸ்ல அந்தப் பக்கம் போனா ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, "அது நான் கட்டினதுடா"ம்பார், பக்கத்து சீட்டுக்காரருக்கும் கேக்கட்டும்னே சொல்லுவார். பாலத்து முனையில கல்வெட்டு இருக்கு, தலைவர்ங்க பேர் இருக்கு, கான்ட்ராக்டர் பேர்கூட இருக்கு. அதனால "கூலிக்கு வந்தவன்"னு யாராச்சும் சொன்னா அது என் வீட்டுக்குள்ள வந்து விழுற சொல்லு. உங்களுக்கு அது வெறும் கமெண்டு.

"அயர்லாந்துக்காரனும்தான் கஷ்டப்பட்டான்"னு இன்னொரு நண்பர். பட்டான், கிழக்குல இருந்து எதிர்த்தாப்ல பாதை போட்டு வந்த யூனியன் பசிபிக் கம்பெனி பக்கம் அவங்க உழைப்பு பெருசு. ஆனா 1869 ஏப்ரல்ல சென்ட்ரல் பசிபிக்காரங்க ஒரே நாள்ல பத்து மைல் பாதை போட்டு ரெக்கார்டு பண்ணினாங்களே, அன்னைக்குத் தண்டவாளம் தூக்கின எட்டு அயர்லாந்துக்காரங்க பேரும் பதிவுல இருக்கு, கூடவே உழைச்ச சீனத் தொழிலாளிங்க பேரைக் காணோம்.

இதுல ஸ்டான்ஃபோர்ட் யாரு தெரியுமா? 1862ல கலிஃபோர்னியா கவர்னராப் பதவி ஏத்த பேச்சுலயே ஆசியாக்காரங்களைத் தாழ்ந்த இனம்னு சொன்னவர். அதே ஆள் 1865ல ஜனாதிபதிக்கு எழுதறார், இவங்க இல்லாம சட்டம் சொன்ன காலத்துக்குள்ள இந்த வேலையை முடிக்கவே முடியாதுன்னு. நீங்க கொண்டாடுற மனுசனே ஒத்துக்கிட்டதை நான் சொன்னா நான் நெகட்டிவ் ஆளா?

வேலை முடிஞ்சதும் என்ன கிடைச்சது அவங்களுக்கு? 1882ல சீனத் தொழிலாளி உள்ளேயே வரக்கூடாதுன்னு சட்டம். 1885 செப்டம்பர்ல வயோமிங், ராக் ஸ்ப்ரிங்ஸ்ங்கிற நிலக்கரிச் சுரங்க ஊர்ல குறைஞ்சது 28 சீனர்களைக் கொன்னு வீடுகளைக் கொளுத்தினாங்க, ஒருத்தருக்கும் தண்டனை இல்லை. 1888ல இன்னொரு சட்டம், திரும்பி வரலாம்னு அரசாங்கமே கொடுத்த சர்டிஃபிகேட்டை நம்பி ஊருக்குப் போன 20,000 பேர் வரைக்கும் வெளியிலயே நின்னுட்டாங்க. தடை நீங்கினது 1943ல, அதுவும் வருசத்துக்கு 105 பேர்ங்கிற கணக்குல.

"எல்லா நாட்டுலயும் இப்படித்தான்"னு சொல்றவங்களோட பேச எனக்குத் தெம்பு இல்லை. நேத்து என்னை "வயித்தெரிச்சல் பார்ட்டி"ன்னு எழுதினவர் என் கல்யாணத்துல பந்தி பரிமாறினவர், என் அப்பா என்ன வேலை பார்த்தார்னு தெரிஞ்சவர், அதான் தாங்க முடியலை. மத்தவங்க கமெண்ட்ல திட்டணும்னா திட்டுங்க, ஆனா 1867ல சோத்தை நிறுத்தினாங்களே, அதுக்கு முதல்ல பதில் சொல்லிட்டுத் திட்டுங்க.