கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விளக்கு துடிக்கிறது

"விளக்கு கண்ணுக்குத் தெரிந்து மினுக்கினால்தான் தலைவலி வரும், மற்றதெல்லாம் மனப்பிரமை" என்று அண்ணாச்சி ஒருவர் எழுதியிருப்பது தவறு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் விளக்கு இரண்டு முறை மங்கும். பழைய சோக் வைத்த டியூப்லைட்டும், மின்னோட்டத்தைச் சீராக்கும் பாகம் இல்லாத மலிவான எல்இடி பல்பும் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. நாம் அதைக் காண்பதில்லை, விழித்திரை உணர்கிறது. பிரிட்டனில் 1989இல் வெளியான ஓர் ஆய்வில், அலுவலக டியூப்லைட்டுகளுக்கு இந்தத் துடிப்பைத் தவிர்க்கும் எலெக்ட்ரானிக் சோக் பொருத்தியபோது தலைவலியும் கண் அயர்ச்சியும் பாதிக்கும் கீழே குறைந்தன. எல்லோருக்கும் இது ஒரே அளவில் இருக்காது. ஒற்றைத் தலைவலிக்காரர்கள்தான் அதிகம் படுகிறார்கள்.

மேலப்பாளையத்தில் இரவில் பீடி சுற்றும் பெண்கள் கண் வலிக்கிறது என்றால் வயதின் மேல் பழியைப் போடாதீர்கள். அந்த விளக்கின் கீழே ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள். மங்கலான ஒரே பட்டையாக இல்லாமல் தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் பல்பு துடிக்கிறது. மாற்றிவிடுங்கள்.

சார்ஜரின் கீச்சொலியும் இப்படித்தான். பிள்ளைகளுக்குக் கேட்கும் மிக உயர்ந்த ஒலிகள் வயதான காதுகளுக்கு எட்டுவதில்லை. பிள்ளை காதைப் பொத்திக்கொண்டால் அதட்டாமல் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், அண்ணாச்சி.