215 உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டனவா?

"கனடாவில் பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் ஒரே குழியிலிருந்து 215 பூர்வகுடிக் குழந்தைகளின் உடல்களைத் தோண்டி எடுத்தார்கள்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. 2021 மே மாதம், அந்தப் பள்ளி இருந்த கம்லூப்ஸ் நகரில் யாரும் மண்வெட்டியைத் தொடவே இல்லை. பள்ளியின் பழைய ஆப்பிள் தோட்டத்தில் ரேடார் கருவியை நகர்த்திப் பார்த்தார்கள். அது எலும்பைக் காட்டாது. மண் எங்கே கலைந்திருக்கிறது என்றுதான் காட்டும். தனித்தனிப் புதைகுழிகளாக இருக்கலாம் என்று முதலில் சொன்ன இடங்கள் 215; ஜூலையில் அதைச் சுமார் 200 என்று திருத்தினார்கள்.

சரி, அப்போ எல்லாமே கட்டுக்கதையா? அது இன்னும் பெரிய பொய். 1920-ல் சட்டமே பள்ளிக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கி, பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் சேர்த்தது. இத்தகைய பள்ளிகளில் நாடு முழுவதும் இறந்ததாக ஆவணப்படுத்தப்பட்டவர்கள் 4,100-க்கும் மேல். பலரைக் கொன்றது காசநோய்.