‘தற்போதைய பதவி’ என்றொரு கட்டம்

எங்கள் பேட்சுக்கு இந்த வருடம் வெள்ளி விழா. 1997-இல் உள்ளே போய் 2001-இல் வெளியே வந்த இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) வகுப்பு. ஆகஸ்டில் கல்லூரியிலேயே கூடுகிறோம். கூடவே ஒரு மலரும் போடுவது என்று வாட்ஸ்ஆப் குழுவில் முடிவானது. "காலேஜ் ஆண்டு மலர்ல கவிதை எழுதினது நீங்கதானே" என்று அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். (ஒரே ஒரு கவிதை. மழையைப் பற்றி. அதை மறக்கத்தான் 25 வருடமாக முயற்சி செய்கிறேன்.)

கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கம் ஒரு கூகுள் படிவம் அனுப்பியது. பெயர், தற்போதைய பதவி, நிறுவனம், நாடு, மொத்த அனுபவம், உயர்கல்வி, பெற்ற விருதுகள், கல்லூரிக்குத் தர விரும்பும் பங்களிப்பு. நட்சத்திரக் குறி போட்ட கட்டங்களை நிரப்பாவிட்டால் படிவம் நகராது. பதவிக்கும் நிறுவனத்துக்கும் நட்சத்திரம் இருந்தது.

வகுப்பில் 58 பேர். குழுவில் இருப்பது 41 பேர். மூன்று வாரத்தில் படிவத்தை நிரப்பியது 19 பேர். அந்த 19-ஐ வரிசையாகப் படித்தபோதே விஷயம் புரிந்துவிட்டது. மேனேஜருக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. டைரக்டர், சீனியர் ஆர்க்கிடெக்ட், வைஸ் பிரசிடென்ட் இருவர், மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து இப்போது செயற்பொறியாளர் ஆகிவிட்ட ஒருவர். வெளியே தெரியும்படி ஏறியவர்கள் மட்டும் கையைத் தூக்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் தினமும் காலையில் குழுவில் குட் மார்னிங் படம் போடுகிறவர்கள்தான், படிவத்தின் பக்கம் மட்டும் வரவில்லை.

கல்லூரியை மட்டும் குறை சொல்ல முடியாது. நானும் இன்னொரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், கல்லூரிகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் நாக் குழு வருகிறது என்றால் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து கோப்பு தயாரித்தவள். நாங்கள் நிரப்பிய நாக் படிவங்களில் ஐந்தாவது அளவுகோலே மாணவர் முன்னேற்றம்தான். எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு, முன்னாள் மாணவர்களின் ஈடுபாடு என்ன என்று தனித்தனியாகக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. 2016-இலிருந்து மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசைக்கு, வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். இடைநிலை என்றால் சராசரி இல்லை. எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கிற ஆளின் சம்பளம். அந்த நடு ஆள் பத்து வருடம் கழித்து என்ன ஆனார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மதிப்பெண் வராது. கேள்வி கேட்பவர்களுக்கு என்ன தேவையோ அதற்கேற்பக் கட்டம் போட்டார்கள், சரி. நாம் ஏன் நம் வாழ்க்கையையே அந்தக் கட்டத்தின் அளவுக்கு வெட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அப்புறம், நிரப்பாதவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தேன். இரண்டு வாரம், தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. கல்லூரியில் படித்த நாலு வருடத்தில் இவர்களோடு பேசியதைவிட அதிகம் பேசினேன். அப்போது எங்கே பேச விட்டார்கள்! பையனும் பெண்ணும் வராந்தாவில் நின்று பேசினால் ஐம்பது ரூபாய் அபராதம். அதனாலேயே இன்றைக்கும் எங்கள் வகுப்பில் ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் "வாங்க, போங்க" என்றுதான் பேசிக்கொள்கிறோம். நாற்பத்தாறு வயதில் அது ஒரு அழகாகவும் இருக்கிறது.

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒருவர் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். "என்னங்க போடுறது அதுல? காயில் கட்டுறேன்னு போடவா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 58 பேரும் நாலு வருடம் படித்தது எலெக்ட்ரிகல் மெஷின்ஸ். ஆர்மேச்சர், ஸ்லாட், லேப் வைண்டிங், வேவ் வைண்டிங் என்று படம் படமாக வரைந்தோம். அதில் 40 பேருக்கு மேல் மென்பொருளுக்குப் போய்விட்டோம், அல்லது போக முயன்றோம். படித்த படிப்பைத் தினமும் கையால் தொடுகிற ஒரே ஆள் இவர். எரிந்துபோன ஐந்து குதிரைத் திறன் கிணற்று மோட்டாரைச் சாயங்காலத்துக்குள் கட்டிக் கொடுக்காவிட்டால் யாருடைய கத்தரி வாடும் என்று அவருக்குத் தெரியும். அவர்தான் எழுதக் கூச்சப்படுகிறார். டாஷ்போர்டில் அம்புக்குறி நகர்த்துகிறவர்கள் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார்கள்.

இவருக்கு எம்-3 அரியர் இருந்தது. கணக்குப் பேப்பர். எங்கள் ஹாஸ்டலில் எம்-3 என்றால் அது பாடம் இல்லை, ஒரு நோய். பல்கலைக்கழகம் பழைய மாணவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு அறிவித்த ஒரு வருடம், 2009-இல், கடையை இரண்டு நாள் மூடிவிட்டுப் போய் எழுதித் தேறினார். அன்றைக்குக் கடைத் தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் பிரியாணி. எட்டு வருடம் கழித்து, எந்த வேலைக்கும் பயன்படாது என்று தெரிந்தே, ஒரு மனிதன் ஃபூரியர் தொடரை மறுபடி உட்கார்ந்து படித்திருக்கிறான். இதற்கு எந்தக் கட்டம்?

எங்கள் வகுப்பின் முதல் மாணவிக்கு அமெரிக்காவுக்குப் போட்டேன். அவள் என் அறைத்தோழியும்கூட. 2003-இல் கல்யாணம் முடித்து நியூ ஜெர்சி போனாள், கணவருக்கு எச்-1பி என்ற வேலை விசா, இவளுக்கு அவரைச் சார்ந்தவர் என்ற எச்-4. அப்போது எச்-4 விசாவில் இருப்பவர் வேலை பார்க்கக் கூடாது. நிரந்தரமாகத் தங்க உதவும் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தால் அதிலும் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற உச்சவரம்பு. இந்தியர்களின் வரிசை நகராது. 2015 மே மாதம்தான், கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியிருந்தால் எச்-4 மனைவி வேலை அனுமதி கேட்கலாம் என்று விதியை மாற்றினார்கள். ஆக, பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவள் 12 வருடம் சட்டப்படி சும்மா இருந்தாள். சும்மா என்றால் இரண்டு பிள்ளைகள், கோயில் சமையல், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காசில்லாமல் கணக்கு. அனுமதி வந்தபோது அவளுக்கு வயது 35. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வகுப்பில் உதவியாளராக இருக்கிறாள்.

"மொத்த அனுபவம்னு கேட்டிருக்கே, அதுல என்னடி போடுறது? வேலை செய்யத் தடைன்னு 12 வருஷம் இருந்தது அனுபவம் இல்லையா?" என்றாள். கோபம் இல்லை குரலில், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவள் கணவரும் எங்கள் பேட்ச்தான். 19 பேரில் இருக்கிறார். பக்கம் முழுக்க நிரப்பியிருக்கிறார்.

இவளோடு பேசி முடித்த ராத்திரிதான், 1940-களில் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் படித்த லலிதா ஞாபகத்துக்கு வந்தார். இ.இ.இ. பெண் பிள்ளைகளுக்கு நான் முதல் வகுப்பில் சொல்கிற கதை அவருடையது. 15 வயதில் கல்யாணம், 18 வயதில் குழந்தை, குழந்தைக்கு நாலு மாதமாக இருக்கும்போது கணவர் இறந்துவிட்டார். 1937-ஆம் வருடம் ஒரு தெலுங்கு பிராமணக் குடும்பத்தில் அதற்குப் பிறகு ஒரு பெண்ணுக்கு என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். மருத்துவம் படித்தால் நேரம் காலம் இல்லாமல் ஓட வேண்டும், கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போக முடியாது என்று லலிதா பொறியியல் கேட்டாராம். 1940-இல் சேர்ந்தார். கூட லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்று இன்னும் இரண்டு பெண்கள். லலிதாவின் சான்றிதழில் அச்சடித்திருந்த ‘ஹி’ என்ற சொல்லை அடித்துவிட்டுக் கையால் ‘ஷி’ என்று திருத்திக் கொடுத்தார்கள். அப்போதும் படிவம் தயாராக இல்லை. ஆனால் பேனாவை எடுத்துத் திருத்த ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

லலிதா 1943-இல் படிப்பை முடித்தார். அதே வருடம் அதே கல்லூரியில் மெக்கானிகல் முடித்தவர் வர்கீஸ் குரியன். இப்போது இந்த இரண்டு பேருக்கும் 1949-இல் நம் கூகுள் படிவத்தை அனுப்பியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று பாருங்கள். குரியன் அரசாங்க உதவித்தொகையில் அமெரிக்கா போய் வந்தவர். அந்தக் கடனுக்காக குஜராத்தில் ஆனந்த் என்ற சின்ன ஊரின் பால் பண்ணைக்கு அனுப்பப்பட்டு, தங்க வீடு கிடைக்காமல் ஒரு கார் கொட்டகையில் குடியிருந்துகொண்டு, எப்போது ஒப்பந்தம் முடியும், ஓடிவிடலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார். இன்றைய ‘சிறந்த முன்னாள் மாணவர்’ குழு அவரைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. அமுல், 1965-இல் தேசிய பால்வள வாரியம், 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் எல்லாம் அப்புறம் வந்தவை.

லலிதாவின் கதையில் அந்த மாதிரி ஒரு திருப்பம்கூட இல்லை, அதனால்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பில் கொஞ்ச காலம், பிறகு கல்கத்தாவில் ஏ.இ.ஐ. என்ற மின் கருவிக் கம்பெனியில் நீண்ட காலம். பக்ரா நங்கல் அணைக்கான மின் வேலைகளில் அவர் கை உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் மகளைப் பார்த்துக்கொள்ளச் சொந்தக்காரர் வீடு இருக்கிறதா என்பதும் கணக்கில் இருந்தது. 1964-இல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகள் மாநாட்டுக்குப் போய் வந்தார். 1979-இல், 60 வயதில் காலமானார். உடன் படித்த திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். திரேசியாவுக்குக் கட்டத்தில் எழுதப் பதவி இருக்கிறது. லலிதா தன் மகளைத் தானே வளர்த்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அந்தக் காலத்துக்கு அதுவும் பக்ரா நங்கலுக்குக் குறைந்த வேலை இல்லை.

நம் ஊர்க் கல்லூரிகளுக்கு இதில் ஒரு தனி சாமர்த்தியம் உண்டு. ராமானுஜனுக்குக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை போனது. சென்னை பச்சையப்பனில் எஃப்.ஏ. (பட்டப் படிப்புக்கு முந்தைய படிப்பு) தேர்விலும் தேறவில்லை. கணக்கைத் தவிர வேறெதையும் படிக்கவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு இரண்டு கல்லூரியும் அவரை ‘எங்கள் மாணவர்’ என்கின்றன. சொல்லிக்கொள்ளட்டும். அந்த வருடங்களில் ஒரு படிவம் அனுப்பியிருந்தால் அவர் எல்லாக் கட்டங்களையும் காலியாக விட்டிருப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளட்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வருடக் கடைசியில் ஒரு மென்பொருள் கம்பெனி கேம்பஸில் எடுத்தது. அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்தார். அதற்குள் அமெரிக்காவில் டாட்காம் எனும் இணையக் கம்பெனிகளின் சந்தை கவிழ்ந்தது. படிப்பு முடிந்தது, ஆஃபர் லெட்டர் கையில் இருந்தது, சேரும் தேதி மட்டும் வரவில்லை. மூன்று முறை தள்ளிப்போட்டார்கள், பிறகு மெயிலுக்குப் பதில் வருவதும் நின்றுவிட்டது. வீட்டில் சும்மா உட்கார வேண்டாமே என்று பக்கத்துக் கல்லூரியில் மாதம் 4,500 ரூபாய்க்குத் தற்காலிகமாகப் பாடம் நடத்தப் போனேன். அந்தத் தற்காலிகத்துக்குத்தான் இப்போது 25 வயது. பத்து வருடம் வரைக்கும் யாராவது "என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "சும்மா டீச்சிங்தான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ‘தான்’ எப்போது உதிர்ந்தது என்று எனக்கே தெரியாது. ஒரு வேளை, சர்க்யூட் தியரியில் மூன்று முறை தோற்ற ஒரு பையன் மின்வாரியத்தில் சேர்ந்துவிட்டு, முதல் சம்பளத்தில் ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தானே, அன்றைக்காக இருக்கலாம்.

சாதித்தவர்கள் மேல் எனக்குப் பொறாமை என்று யாரும் கமெண்டில் வந்து சொல்ல வேண்டாம். வைஸ் பிரசிடென்ட் இரண்டு பேரும் நல்ல உழைப்பாளிகள். அதில் ஒருவரோடு போன வாரம் பேசினேன். படிவம் அனுப்பிய மறு மாதமே வேலை போய்விட்டதாம், 46 வயதில். "மலர்ல அதை அப்படியே விட்டுடுங்க, பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது" என்றார். விட்டுவிடுகிறேன். ஆனால் பாருங்கள், நிரம்பிய கட்டமும் எத்தனை நாளைக்கு?

எங்கள் வகுப்பில் மூன்று பேர் இப்போது இல்லை. அவர்களுக்காகப் படிவத்தில் எதுவும் இல்லை. மலரின் முதல் பக்கம் அவர்களுக்கு என்று நானே முடிவு செய்துவிட்டேன், கமிட்டியிடம் கேட்கவில்லை.

முன்னாள் மாணவர் சங்கத்துக்கு வேண்டிய தகவலை அவர்கள் தனியாக வாங்கிக்கொள்ளட்டும். மலருக்கு நான் புதிதாக ஒரு படிவம் அனுப்பியிருக்கிறேன். பெயர், அதற்குக் கீழே ஒரே ஒரு பெரிய கட்டம், நட்சத்திரம் கிடையாது. ‘இந்த 25 வருடத்தில் நீங்கள் சொல்ல விரும்பும் எதுவானாலும்’ என்று மட்டும் போட்டிருக்கிறேன். ஒட்டன்சத்திரத்துக்காரர் நேற்று ராத்திரி அனுப்பிவிட்டார். கடைப் பெயர், போன் நம்பர், ‘சப்மெர்சிபிள் மோட்டாரும் கட்டித் தரப்படும்’ என்று விளம்பரமே எழுதியிருக்கிறார். அப்படியே போடப் போகிறேன்.

மீதிப் பேர் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள். அனுப்பாதவர்களுக்கு ஹாஸ்டல் ஞாபகத்திலிருந்து நானே ஏதாவது எழுதிவிடுவேன். பிறகு வீட்டில் படித்துவிட்டுக் கேட்டார்கள் என்று என்னிடம் வரக் கூடாது.