மூணுக்கு மூணு

காட்பாடியில் நாங்கள் பாஸ்கெட்பால் ஆடும் சிமெண்ட் கோர்ட்டில் ஒரு தம்பி இருக்கிறான். போன ஞாயிறு மேட்ச்சில் மூன்றே மூன்று த்ரீ (தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும், மூன்று பாயிண்ட் ஷாட்) எறிந்தான், மூன்றும் உள்ளே. முடிந்ததும் டீக்கடையில் நின்று, "நூறு சதவீதம்ண்ணா, கர்ரியே என்கிட்ட நிக்க முடியாது" என்கிறான். அவன் சொன்னது அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் த்ரீக்குப் பேர்போன ஸ்டீஃபன் கர்ரியை. சிரித்துவிட்டேன். ஆனால் விடிகாலை எழுந்து என்.பி.ஏ. பார்க்கிற நம்மில் பல பேரும் இதே கணக்கைத்தான் போடுகிறோம்.

2009-10 சீசனில் கைல் கோர்வர் என்ற என்.பி.ஏ. வீரர் 53.6 சதவீதம் த்ரீ போட்டார். பெரிய சாதனைதான். எறிந்தது 110, உள்ளே போனது 59. 2015-16இல் ஸ்டீஃபன் கர்ரி 45.4 சதவீதம். ஆனால் அவர் எறிந்தது 886, போட்டது 402! எட்டு மடங்கு அதிகம் எறிந்தும், அதில் பலவற்றைத் தானே பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, முகத்துக்கு நேரே ஒரு கை நீட்டியிருக்க எறிந்தும், இந்த சதவீதம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது என்ன நியாயம்?

த்ரீயில் 36 சதவீதம் என்றால் சுமார்தானே என்று உதட்டைப் பிதுக்குபவர்களுக்கு: நூறு த்ரீயில் 36 விழுந்தால் 108 பாயிண்ட். அதே 108 இரண்டு பாயிண்ட் ஷாட்டில் வர 54 விழ வேண்டும். அப்புறம் எந்த இடம் என்பதும் உண்டு. என்.பி.ஏ.வில் த்ரீ கோடு கூடையிலிருந்து கார்னரில் 22 அடி, நேர் எதிரே 23 அடி 9 அங்குலம். ஒரு ராத்திரியை வைத்தும் தீர்ப்பு சொல்லக் கூடாது. 2018இல் ஹூஸ்டன், அந்த சீசனில் 65 மேட்ச் ஜெயித்த டீம், கர்ரியின் வாரியர்ஸ் டீமோடு ஆடிய தொடரின் ஏழாவது ஆட்டத்தில் தொடர்ந்து 27 த்ரீயைத் தவறவிட்டது.

ஸ்கோர் ஷீட்டில் ஏறாத ஒன்றும் இருக்கிறது. எங்கள் டீமில் ராணிப்பேட்டையில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேரே கிரவுண்டுக்கு வரும் அண்ணன் ஒருவர் உண்டு. மூன்று எறிந்தால் ஒன்று விழும், அவ்வளவுதான். ஆனால் அவர் கையில் பந்து வந்ததும் எதிர் டீம் "அவரை விடாத, விடாத" என்று கத்திக்கொண்டே இரண்டு பேராக ஓடும். அன்றைக்கும் அப்படித்தான் ஓடினார்கள். தம்பி போட்ட மூன்றும் கார்னரிலிருந்து, பக்கத்தில் ஒரு ஈ காக்கா இல்லாமல். பாஸ் கொடுத்தது மூன்று தடவையும் அந்த அண்ணன்தான்.