அருவிக்குப் போய் ஸ்பீக்கரையா கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போய்விட்டு வந்ததிலிருந்து வயிறு எரிகிறது. எங்கேயாவது கொட்டினால்தான் ஆறும்.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் பென்னாகரம் பக்கம். சின்ன வயதில் மாமா என்னை அங்கிருந்து பஸ்ஸில் கூட்டிப்போவார். இறங்கியதும் அருவி முதலில் காதில்தான் விழும், கண்ணில் படுவது அப்புறம்தான். கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை, ‘கல்லு’ என்றால் பாறை. தண்ணீர் விழுகிற வேகத்தில் பாறையே புகைகிற மாதிரி இருக்கும், அதனால் வந்த பெயர். அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி, கூட வர முடியவில்லை. கிளம்பும்போது, “போன்ல அந்தச் சத்தத்தை மட்டும் பிடிச்சிட்டு வாடா, போதும்” என்றார்கள். கேட்டது அவ்வளவுதான்.

வண்டியை நிறுத்துகிற இடத்திலேயே ஆரம்பித்துவிட்டது. நாலு வேன், நாலிலும் கதவு திறந்து கிடக்கிறது, நாலு பாட்டு. சரி, ஊர்க்கூட்டம், போகட்டும் என்று நடந்தோம். வறுத்த மீன் வாசனை, எண்ணெய்க் கிண்ணத்தோடு “மசாஜ் சார்” என்று பின்னாலேயே வருகிறவர்கள், இதையெல்லாம் நான் குறை சொல்லவே மாட்டேன், அதுதானே ஒகேனக்கல்.

பரிசல் ஏறினோம். மூங்கில் பிளாச்சில் கூடை மாதிரி பின்னி, ஒரு காலத்தில் அடியில் தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் தாள். ஒற்றைத் துடுப்பை வைத்துக்கொண்டு அந்த வட்டத்தை எப்படித்தான் நேராக ஓட்டுகிறார்களோ! இரண்டு பக்கமும் பாறை சுவர் மாதிரி எழும்பி நிற்கிற இடம் வந்ததும் பரிசல்காரர் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, “பேசாம கேளுங்க சார்” என்றார். மகள் போனை எடுத்தாள். தூரத்தில் அருவி இரைகிறது, பாறையிடுக்கில் தண்ணீர் சொட்டுகிறது, அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது.

ஒரு நிமிஷம்கூட இல்லை. பின்னால் வந்த பரிசலில் நாலு பையன்கள், நடுவில் குடம் அளவுக்கு ஒரு புளூடூத் ஸ்பீக்கர். திறந்த வெளியில் வைத்தாலாவது சத்தம் கலைந்துபோகும், பாறைக்கு நடுவில் வைத்தால் இந்தச் சுவரில் முட்டி அந்தச் சுவரில் முட்டி மறுபடி நம் தலையிலேயே விழுகிறது. “தம்பி, கொஞ்ச நேரம் நிறுத்துங்கப்பா” என்றேன். “என்ஜாய் பண்ணத்தானே அங்கிள் வந்தோம், நீங்களும் ஆடுங்க” என்று ஒருவன் சத்தத்தை இன்னும் கூட்டினான். பரிசலிலேயே நொறுக்குத்தீனி விற்றுக்கொண்டு வந்தவரிடம் சிப்ஸ் வாங்கினார்கள், தின்றார்கள், காலிப் பாக்கெட்டைத் தண்ணீரில் விட்டார்கள். ஒளித்து மறைத்து எல்லாம் இல்லை, ஆற்றில் விளக்கு விடுகிற மாதிரி பதமாக!

குளிக்கிற இடம் இன்னொரு கூத்து. ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, அந்தத் துணுக்கை அப்படியே துப்புகிறார்கள். பாறையிடுக்கில் பச்சைக் கண்ணாடிச் சில்லு, மகள் குதிகாலில் ஏறிவிட்டது. தையல் போடுகிற அளவுக்கு இல்லை, ஆனாலும் குளியல் அதோடு முடிந்தது. குடிக்கிறவன் குடித்துத் தொலைக்கட்டும், குடித்த பாட்டிலைப் பாறையில் அடித்து உடைப்பதில் என்னய்யா சுகம்? நாளைக்கு அவன் பிள்ளையும் அங்கேதானே கால் வைக்கும்?

இந்தத் தண்ணீர் என்ன சும்மா வேடிக்கை காட்டவா ஓடுகிறது? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். என் சித்திக்கு இருபது வயதிலேயே பல்லெல்லாம் பழுப்பு, கல்யாணப் போட்டோவில் வாயை மூடிக்கொண்டுதான் நிற்பார். அதற்காகத்தான் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து, 2013-லிருந்து ஒகேனக்கல் தண்ணீரை அந்த ஊர்களுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். மிச்சம் போய்ச் சேருகிற இடம் மேட்டூர் அணை. நீ ஷாம்பு கரைக்கிற ஆறுதான் ஊர்ச் சனத்துக்குக் குடிதண்ணீர்.

காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் தண்ணீரை அளந்து, விநாடிக்கு இத்தனை கன அடி என்று தினமும் செய்தியில் வாசிக்கிறார்கள். வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை, குளிக்கத் தடை. சரிதான், உயிர் விஷயம். ஆனால் ஸ்பீக்கரையும் பாட்டிலையும் தடுக்க மட்டும் அங்கே ஒரு ஆளைக் காணோம். போலீஸ் வந்து சொன்னால்தான் கேட்போம் என்றால், நாமெல்லாம் சோற்றில் உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறோமா?

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் மகள் அந்த வீடியோவைப் பாட்டி காதருகில் வைத்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்கள்: “ஏண்டா, அருவிக்குன்னு சொல்லிட்டு யார் கல்யாணத்துக்குடா போயிட்டு வந்தீங்க?”